கல்லாற்றங்கரையும் காய்கறித் தோட்டமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி மலைக்கு ஏறும் சாலையில், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஊருக்குப் பெயர் தந்தது ஆறு. ஆற்றுக்குப் பெயர் தந்தவை, யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் அதன் படுகையில் கிடக்கும் உருண்டைப் பாறைகள். செம்முஞ்சி மொட்டையில் தோன்றிக் கடலை நோக்கி இறங்கும் வாமனபுரம் ஆற்றுக்கு நீர் தருவனவற்றுள் இக்கல்லாறும் ஒன்று. கல், ஆறு என்னும் சொற்கள் தமிழுக்கும் உரியவை, மலையாளத்துக்கும் உரியவை. வரைபடத்தில் எல்லைக்கோடு அழுத்தமாக இருக்கலாம். மண்ணில் அது அவ்வளவு அழுத்தமாக இருப்பதில்லை என்பதை இவ்வூர்ப் பெயரே உணர்த்துகின்றது.

இச்சிற்றூரை முன்னிறுத்தி நாம் இங்கு ஆராயப் புகுவது, வீட்டுக் காய்கறித் தோட்டத்தின் வரலாறு. ‘இயற்கை வேளாண்மை’ என்னும் தொடர் இன்று நகரங்களில் புதுமைபோல் பேசப்படுகின்றது. நம் பாட்டியர் புறக்கடையில் கத்தரியும் அவரையும் வளர்த்த காலத்தில் அதற்குத் தனிப்பெயர் இருந்ததில்லை. பெயர் தேவைப்படாத அளவுக்கு இயல்பாக இருந்த ஒன்று எப்போது கைவிடப்பட்டது? ஏன் கைவிடப்பட்டது? மீண்டும் எவ்வாறு வந்தது? தாய்நிலத்தைவிட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி, மாடியிலோ முற்றத்திலோ சில தொட்டிகளை வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்க்கு இவ்வினாக்கள் வெறும் ஏட்டு வினாக்கள் ஆகமாட்டா.

இத்தகைய வரலாற்றை எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அரசின் கணக்கேடுகளில் காய்கறித் தோட்டத்துக்கு இடமில்லை. பழைய திருவிதாங்கூரில் வயலுக்கு வரி இருந்தது. தோட்ட நிலத்தில் நின்ற தென்னை, கமுகு, பலா போன்ற மரங்களை எண்ணியும் வரி விதித்தார்கள். ஆனால் அம்மரங்களின் அடியில் நின்ற கத்தரிச் செடியையும், வேலியில் படர்ந்த பாகற்கொடியையும் எந்த அதிகாரியும் எண்ணவில்லை. அவற்றை நட்டவர்களும் காத்தவர்களும் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் ஏடெழுதவில்லை. ஆகவே இவ்வரலாற்றை ஆவணங்களைவிடச் செடிகளின் பெயர்களிலும், விழாக்களிலும், வழக்கங்களிலுமே நாம் மிகுதியாகத் தேடவேண்டியிருக்கின்றது.

முதலில் கல்லாற்றின் பழங்குடியினரைக் காண்போம். அகத்தியமலையின் இருபுறமும் வாழ்பவர்கள் காணிக்காரர். மேற்கே திருவனந்தபுரம் மாவட்டக் காடுகளிலும், கிழக்கே திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் மலைப்பகுதியிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவர்களுடைய குடியிருப்புகள் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. குடித்தலைவரை மூட்டுக்காணி என்றும், மந்திரமும் மருந்தும் அறிந்தவரைப் பிலாத்தி என்றும் அழைப்பது அவர்கள் வழக்கம். பழங்காலத்தில் மலைச்சரிவில் சிறிது காட்டைத் திருத்தி எரித்து, அச்சாம்பலையே எருவாகக் கொண்டு, சில ஆண்டுகள் பயிரிட்டபின் அந்நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வார்கள். நிலம் இளைப்பாறிய பின்னரே மீண்டும் அதனை நாடுவார்கள். காடுகள் அரசின் ஒதுக்கக் காடுகளாக வரையறுக்கப்பட்டபோது இம்முறை சுருங்கியது. நிலையான வீடும், வீட்டைச் சுற்றிய தோட்டமும் வளர்ந்தன.

கல்லாற்றுக் காட்டில் வாழும் இலட்சுமிக்குட்டி அம்மையாருக்கு இந்திய அரசு 2018-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளித்தது. காணிக்காரர் மரபில் வந்த அவர், பாம்புக்கடி முதலிய நஞ்சுகளுக்கு மூலிகை மருத்துவம் செய்வதில் பெயர் பெற்றவர். கற்ற மருந்துகளை ஏட்டில் எழுதி வைக்காமல் நினைவிலேயே போற்றி வருபவர். அவருடைய வீட்டைச் சுற்றிய மூலிகைகளே அவருக்கு மருந்துச் சாலை. இதே மலைத்தொடரில் 1987-ஆம் ஆண்டு ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், களைப்பின்றி நடந்த காணி வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் கனியைத் தின்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையம் ஒரு மருந்தை உருவாக்கிற்று. அதன் வருவாயில் காணிக்காரர்க்கும் பங்கு அளிக்கப்பட்டது. எழுதப்படாத அறிவும் அறிவே என்று ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

மலையிலிருந்து சற்று இறங்கினால், திருவிதாங்கூரின் வீட்டுத் தோட்டத்தைக் காணலாம். மலையாளத்தார் அதனைப் புரையிடம் என்பர். நாஞ்சில் நாட்டுத் தமிழர் மேட்டுநிலத் தோட்டத்தை விளை என்பர். மேலே தென்னை, அதற்குக் கீழே பலாவும் மாவும், மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக்கொடி, அதனினும் கீழே வாழை, நிழலில் சேனையும் சேம்பும் இஞ்சியும், வெயில் விழும் மூலையில் கத்தரியும் வெண்டையும், வேலியில் கோவை, பாகல், அவரை. இவ்வாறு ஒரே நிலத்தில் அடுக்கடுக்காகப் பயிர்கள் நிற்கும். உதிர்ந்த இலை அங்கேயே மக்கும். தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும், பாத்திரம் கழுவிய நீரும் அத்தோட்டத்துக்கே போய்ச் சேரும். வீட்டிலிருந்து வெளியேற வேண்டிய கழிவென்று எதுவும் இல்லை. பின்னாளில் அறிஞர்கள் இம்முறையைப் பல அடுக்குப் பயிர்முறை என்று பெயரிட்டுப் பாராட்டினார்கள்.

இத்தோட்டத்துக்கு இளவேனில் சிறப்பான காலம். வயலில் நெல் அறுவடையானபின், எஞ்சிய ஈரத்தைக் கொண்டும் குளத்து நீரை இறைத்தும் வெள்ளரி, பூசணி, பயறு, பாகல் முதலியவற்றை இடுவார்கள். அவை காய்த்துப் பழுக்கும் வேளையில் சித்திரை பிறக்கும். மலையாளத்தார்க்கு அந்நாளை ஒட்டி வருவது விஷு. நமக்கு அது புத்தாண்டு. விடியற்காலையில் கண்விழித்ததும் காணும் கனிகாணலில் பொன்னிறமான வெள்ளரிக்கும் கொன்றைப் பூவுக்கும் முதலிடம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் வீடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை அப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி அரசைச் சார்ந்திருந்ததை நாம் அறிவோம். ஆண்டின் முதற்காட்சியாகப் பொன்னோடும் மணியோடும் ஒரு காயை வைத்த மக்கள், காய்கறித் தோட்டத்தை எவ்வளவு மதித்தார்கள் என்பதை விளக்க வேறு ஆவணம் வேண்டுவதில்லை.

இனி அத்தோட்டத்துச் செடிகளின் பெயர்களைக் கேட்போம். கத்தரிக்கு வழுதுணை என்னும் பழம்பெயர் தமிழில் உண்டு. அது இந்நாட்டுப் பயிர். முருங்கையும் வெள்ளரியும் இந்நாட்டினவே. காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும் நாம் வழங்கும் பயறு, மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் போர்த்துகீசியரின் கப்பல்களில் வரத் தொடங்கின. மிளகாய் வந்தது. காரமாக இருந்ததால் மிளகின் பெயரோடு ‘காய்’ சேர்த்து அதற்குப் பெயரிட்டோம். குமரி மாவட்டத்தார் இன்றும் பழைய மிளகை நல்லமிளகு என்று பிரித்துச் சொல்கின்றனர். வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் பெயரையே வாங்கிக்கொண்டமையால் வீட்டுக்காரருக்கு அடைமொழி தேவைப்பட்டது! பரங்கிக்காயின் பெயரிலேயே பரங்கியர் இருக்கின்றனர். பப்பாளி, கொய்யா, அன்னாசி, முந்திரி ஆகியனவும் கடல் கடந்து வந்தவையே. பின்னர்த் தக்காளியும் உருளைக்கிழங்கும் வந்தன.

இன்று மிளகாயும் தக்காளியும் இல்லாத தமிழ்ச் சமையலை எண்ணிப் பார்க்க இயலுமா? நம் தோட்டத்தில் ஏறத்தாழப் பாதி, புலம்பெயர்ந்து வந்து வேரூன்றிய குடிகளே. அவை வந்த இடத்தின் மண்ணைப் பழித்துக்கொண்டு நிற்கவில்லை. தம் சுவையையும் இழக்கவில்லை.

இவ்வாறு வந்தவற்றுள் திருவிதாங்கூரின் வரலாற்றையே மாற்றியது மரவள்ளி. நாஞ்சில் நாட்டார் அதனை மரச்சீனி என்பர். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, எளிய மக்களின் பசிப்பிணிக்கு மருந்தாகக் கருதி இக்கிழங்கைப் பரப்பினார். நெல் விளையாத மேட்டுநிலத்திலும் அது விளையும். வெந்த முதல் நீரை வடித்துக் கொட்டிவிட்டால் கிழங்கின் நஞ்சும் நீங்கும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரத்து நின்றுபோயிற்று. வெளியரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் தலைகாட்டியது. அந்நாளில் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது வீட்டைச் சுற்றி நின்ற மரச்சீனியே. 1963-இல் நடுவண் கிழங்குப்பயிர் ஆய்வு நிலையம் திருவனந்தபுரத்துச் சிறீகாரியத்தில் அமைந்தது இவ்வரலாற்றுக்குப் பொருத்தமானதே.

அப்பஞ்சமே வேறொரு திருப்பத்துக்கும் வித்திட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உரம் செய்யும் தொழில் ஜெர்மனியில் 1913-இல் தொடங்கியது. இந்தியாவில் இராணிப்பேட்டையில் 1906-ஆம் ஆண்டிலேயே பாஸ்பேட் உரத் தொழிற்சாலை அமைந்திருந்தது. திருவிதாங்கூரில், சர் சி. பி. இராமசுவாமி ஐயர் திவானாக இருந்தபோது, திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1943-இல் உரக் கம்பெனி ஒன்று நிறுவப்பட்டது. ஆலுவாயை அடுத்த உத்யோகமண்டலில் 1947-இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. தொடக்கத்தில் அத்தொழிற்சாலைக்குத் தேவையான வாயுவை விறகிலிருந்தே எடுத்தார்கள். காட்டில் மக்கி மண்ணுக்கு உரமாகியிருக்கக்கூடிய மரம், தொழிற்சாலை வழியாக மூட்டையில் கட்டிய உரமாகி வயலுக்கு வந்தது என்பது எண்ணத்தக்க செய்தி.

அக்காலத்துத் தலைவர்களையும் விஞ்ஞானிகளையும் இன்று குறை கூறுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. பசியால் மக்கள் மடிவதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்னும் இயக்கம் போர்க்காலத்தில் தோன்றியது. அதன் குறைநிறைகளை ஆராய்ந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரி குழு 1952-இல் தன் அறிக்கையை அளித்தது. கிராமங்களில் வேளாண்மை விரிவுப் பணி பரவ அவ்வறிக்கை வழிகோலியது. 1960-களில் தஞ்சைத் தரணியில் ஆடுதுறை-27 என்னும் குறுகிய கால நெல் பரவியபோது, அதனைப் பற்றித் திருச்சிராப்பள்ளி வானொலி ஓயாது எடுத்துரைத்தமையால் உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டார்கள். உணவுப் பஞ்சம் நீங்கியது. அது பெரும் பேறு. ஆனால் வயலுக்கு வந்த உரமூட்டையும் பூச்சிமருந்துப் புட்டியும் வயலோடு நிற்கவில்லை. அவை கொல்லைக்கும் வந்தன. மாடு குறைந்தது, எருக்குழி தூர்ந்தது, விதையைச் சுரைக்குடுக்கையிலும் சாம்பலிலும் காத்து வைத்த வழக்கம் மறைந்தது. தென்கேரளத்து மலையடிவாரங்களில் இரப்பர் பரவியபோது, பல அடுக்குத் தோட்டங்கள் பல ஒரே அடுக்காயின.

மாற்றுக்குரல் வெளியிலிருந்து வந்ததென்று சிலர் கருதுவர். அது முழு உண்மையன்று. ஆங்கில விஞ்ஞானியாகிய ஆல்பர்ட் ஹோவர்ட் 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்தார். 1924 முதல் இந்தூரில் பணியாற்றினார். இந்திய உழவரையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் பேராசிரியர்களாகக் கொண்டதாக அவர் கூறினார். இலை தழை, சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, புரட்டிவிட்டு, மூன்று மாதத்தில் மக்கு உரமாக்கும் ‘இந்தூர் முறை’யை யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931-இல் நூலாக வெளியிட்டார். 1940-இல் வெளிவந்த அவருடைய ‘வேளாண்மை மரண சாசனம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலே மேல்நாட்டு இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு அடிப்படையாயிற்று. தமிழகத்திலும் இவ்வாராய்ச்சி நடந்தது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிலையான எருச் சோதனை வயல் இன்றும் நடைபெற்று வருகின்றது. குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்த மக்காரிசன், விஸ்வநாத் என்னும் வேளாண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, தொழுவுரம் இட்டு விளைந்த தானியத்தின் சத்து மிகுதி என்று 1926-இல் எழுதினார். இம்முடிவு பின்னர் வாதத்துக்குரியதாயிற்று. எனினும் மண்ணின் நலத்தையும் மனிதனின் நலத்தையும் சேர்த்து எண்ணும் ஆராய்ச்சி நம் நிலத்தில் தோன்றியது என்பது உண்மை.

பின்னர்த் தமிழகத்தில் இக்குரலை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்து, வேளாண்மையில் பட்டம் பெற்று, கோவில்பட்டி அரசு ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த அவர், அப்பணியைத் துறந்து உழவரிடையே நடந்தார். கரூர் மாவட்டம் கடவூரில் ‘வானகம்’ என்னும் பண்ணையை அமைத்தார். 2013 டிசம்பர் 30-இல் மறைந்தார். கொடுமுடி மருத்துவர் நடராசன், சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்வியத்தைப் பயிருக்கு உகந்த கரைசலாக்கிப் பரப்பினார்.

கேரளத்தில் இத்திருப்பம் துன்பத்தின் வழியே வந்தது. காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை வானூர்தி மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. சுற்றுப்புற ஊர்களில் நோயும் உடற்குறையும் பெருகியதாக மக்கள் முறையிட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடுத்தது. இதற்கிடையே 2010-இல் கேரள அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் 2023-இல் அத்தகைய கொள்கையை அறிவித்தது. 2015-இல் தமிழகத்திலிருந்து லாரிகளில் வரும் காய்கறிகளில் மருந்து எச்சம் மிகுதி என்று கேரளம் கூற, தமிழகம் அதனை மறுத்தது. அவ்வழக்கில் யார் கூற்று எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்க, கேரளத்து வீடுகள் பல, மாடியிலும் முற்றத்திலும் மீண்டும் விதைக்கத் தொடங்கின. அண்டை வீட்டாரின் ஐயப்பாடு அடுக்களைத் தோட்டத்துக்கு உயிர் கொடுத்தது என்பது வரலாற்றின் விந்தை.

இவ்விடத்தில் மலையாள நாட்டில் வழங்கும் ஒரு கதை நினைவுக்கு வருகின்றது. அங்கே உழவர், ஞாயிறு ஒவ்வொரு நாள்மீனிலும் தங்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாளை ஞாற்றுவேலை என்பர். ஞாயிற்றின் வேளை என்பதே அதன் பொருள். சித்திரை முதல் நாளில் அசுவதியில் தொடங்கி 27 வேளைகள் ஆண்டைப் பங்கிடும். ஜூன் இறுதியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில் எதை நட்டாலும் தளிர்க்கும் என்பது நம்பிக்கை. போர்த்துகீசியர் மிளகுக்கொடிகளைக் கப்பலில் ஏற்றிச் செல்வதாகக் கேட்ட சாமூதிரி மன்னர், “கொடியைக் கொண்டு போகட்டும்; நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக இயலாதே!” என்றாராம். இது செவிவழிக் கதையே. ஆயினும் புலம்பெயர்ந்தவர்க்கு இதில் ஒரு பெரும் பாடம் இருக்கின்றது.

விதையை நாம் எடுத்துச் செல்லலாம். பருவத்தை எடுத்துச் செல்ல முடியாது. தில்லியில் குடியேறிய தமிழர், ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் முதுமொழியை மட்டும் நம்பியிருந்தால், அவ்வூர் இளவேனிலை இழந்துவிடுவார். அங்கே பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் வெண்டை, பாகல், சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றை விதைத்தால், கடுங்கோடை முற்றுமுன் காய்க்கத் தொடங்கும். மழைப்பருவத்தில் மீண்டும் ஒருமுறை விதைக்கலாம். கீரை, முள்ளங்கி முதலியவை அங்கே குளிர்காலத்துக்கு உரியவை. பெங்களூரின் மிதமான காற்றில் தக்காளியும் அவரையும் ஆண்டின் பெரும்பகுதியிலும் வளரும். பம்பாயிலோ ஜூன் மழைக்குமுன் கோடைக் காயை எடுத்துவிடவேண்டும். இவற்றையெல்லாம் நன்கறிந்தவர் அவ்வூர் அண்டை வீட்டாரே. அவர்களிடம் கேட்டறிவதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை. மொழி தடுமாறினாலும் ஒரு பிடி விதையைக் கொடுத்து ஒரு பிடி விதையை வாங்குவதற்கு அதிகச் சொல் வேண்டா.

முறைகளும் எளியவையே. அடியில் துளையிட்ட ஒரு வாளியில், காய்ந்த சருகு ஓரடுக்கு, அடுக்களைக் கழிவு ஓரடுக்கு, மேலே சிறிது மண் அல்லது பழைய மக்கு என மாறி மாறி இட்டு, பிழிந்த துணிபோல் ஈரம் காத்து, வாரந்தோறும் கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும். அசுவினி தாக்கினால் காலைப் பனியீரத்தில் விறகுச் சாம்பலைத் தூவலாம். பூச்சி மிகுந்தால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். பஞ்சகவ்வியம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி போதும். ஒவ்வொரு பயிரிலும் நல்ல செடி ஒன்றை விதைக்கென விட்டுவைக்கவேண்டும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையின் வழித்தோன்றல் தாயைப்போல் அமையாது. ஆதலின் நாட்டு விதையே இதற்கு ஏற்றது.

விதையைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு சொல். ஊரிலிருந்து திரும்பும்போது முறுக்கையும் அப்பளத்தையும் கட்டிக்கொண்டு வருகின்றோம். அவை பத்து நாளில் தீர்ந்துவிடும். அதே பையில் ஊர்க் கத்தரி விதையையோ, பாட்டி காத்த அவரை விதையையோ ஒரு தாளில் மடித்து எடுத்துவந்தால், அது ஆண்டுதோறும் பெருகும். ஊரில் அச்செடியை வளர்ப்பார் இல்லாமற் போன பின்னும், வேற்றூர் மாடியொன்றில் அது உயிரோடு இருக்கலாம். அந்நாளில் ஊரார் நம்மிடம் வந்து விதை கேட்கும் நிலை வந்தால், அப்போது கொடுப்பதற்கு நம் கையில் ஒரு பிடியாவது இருக்கவேண்டும். வருகின்ற சித்திரையை அதற்குத் தொடக்கமாகக் கொள்வோம்.